ஒரு துளைக்கு ஒரு விதை

மக்காச்சோளம் விதைத்த வயலில் ஏழாம் நாளோ எட்டாம் நாளோ நடந்து பார்த்தால், விதைத்த கருவியின் தரம் தெரிந்துவிடும். சென்ற பருவத்தில் பெரம்பலூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் மானாவாரி நிலத்தில் அப்படி நடந்தேன். ஓரிடத்தில் மூன்று நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அடுத்த ஒன்றரை முழத்துக்கு ஒன்றுமே இல்லை. விதை நல்ல விதை, மழையும் பொய்க்கவில்லை. வாடகைக்கு வந்த டிராக்டரின் விதைப்பெட்டிக்கு அடியில் சுழலும் ஒரு தட்டுதான் இத்தனைக்கும் காரணம்.

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. என்பது மக்காச்சோளத்துக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி. அக்கணக்கில் ஒரு ஹெக்டேரில் 66,666 செடிகள் நிற்க வேண்டும். நெல்லாக இருந்தால் இடைவெளி விழுந்த இடத்தைப் பக்கத்துப் பயிர் தூர் கட்டி ஓரளவு நிரப்பிவிடும். மக்காச்சோளம் அப்படிச் செய்வதில்லை. விடுபட்ட இடம் விடுபட்டதுதான். நெருங்கி நிற்கும் இரண்டு செடிகளோ ஒரே உரத்துக்கும் ஒரே ஈரத்துக்கும் போட்டியிட்டு இரண்டு சிறிய கதிர்களைத் தரும். வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கும் விவசாயிக்கு இது இருமுனை இழப்பு.

நம் பக்கம் பரவலாக உள்ள கருவிகளில் சாய்வான தட்டு ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் விதை அளவுக்குக் குழிகள் வெட்டப்பட்டிருக்கும். தட்டு சுழலும்போது ஒவ்வொரு குழியும் ஒரு விதையை அள்ளி மேலே கொண்டுபோய்க் குழாயில் போட வேண்டும். விதைகள் ஒரே பருமனாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். பொடி விதையானால் ஒரே குழியில் இரண்டு புகும். பெரிய விதையானால் குழியில் அமராமலே நழுவும். நிலக்கடலையில் வேறொரு தொல்லை உண்டு. தோல் உரிந்த, பருப்பு பிளந்த விதை மண்ணில் விழுந்தும் பயனில்லை.

மேம்பட்ட அமைப்பில் குழிக்குப் பதிலாகத் துளை இருக்கிறது. தட்டு செங்குத்தாக நிற்கும். ஒருபுறம் விதை, மறுபுறம் டிராக்டரின் விசையால் சுழலும் காற்றாடி காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். விதையைவிடச் சிறிய துளை என்பதால் விதை அதில் ஒட்டிக்கொண்டு தட்டோடு சுற்றிவரும். இரண்டாவதாக ஒட்டிய விதையைப் பல் வைத்த தகடு ஒன்று தட்டிவிடும். கீழே வந்ததும் உறிஞ்சல் துண்டிக்கப்பட, விதை விழுந்துவிடும். பருமன் சற்று மாறினாலும் பாதகமில்லை; நசுங்குவதும் குறைவு. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இவ்வகைக் கருவியை நம் நாட்டுப் பயிர்களுக்கென உருவாக்கியிருக்கிறது. மேலைநாடுகளில் இன்னும் ஓர் அடி முன்னே சென்று, தட்டைச் சுழற்றும் வேலையைத் தரைச் சக்கரத்திடமிருந்து பிடுங்கி, வரிசைக்கொரு சிறு மின்மோட்டாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கட்டி மண்ணிலும் ஈர மண்ணிலும் சக்கரம் உருளாமல் சறுக்கினால் தட்டும் நின்றுவிடும் என்ற பழைய குறை அதனால் நீங்கியது.

விதையை அளந்து போடும் எண்ணம் மேலைநாட்டிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1701-இல் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் விதைப்புக் கருவி செய்தார் என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் 1790-களில் தென்னிந்தியாவில் இருந்த ஹால்காட் என்ற ஆங்கிலேய அதிகாரி, வரிசை விதைப்புக் கலப்பையை இங்குள்ள குடியானவர்கள் இயல்பாகப் பயன்படுத்துவதைக் கண்டு வியந்து எழுதியதைத் தரம்பால் தம் நூலில் தொகுத்திருக்கிறார். நம் கொர்ருவில் அளக்கும் கருவியாக இருந்தது விதைப்பவரின் விரல்கள்தான்.

பொருளியல் படித்தவனாக என்னை உறுத்துவது இனிச் சொல்லப்போகும் செய்தி. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் டிராக்டர் சென்றால், 25 செ.மீ. இடைவெளிக்கு ஒவ்வொரு வரிசையிலும் நொடிக்கு நான்கைந்து விதைகள் விழ வேண்டும். வேகம் 8 கி.மீ. ஆனால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது. குழித்தட்டில் விதை அமர்வதற்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிறது, காலிக்குழிகள் கூடுகின்றன. வாடகையை மணிக்கணக்கில் பேசினால் விவசாயியே விரட்டுகிறார். ஏக்கர் கணக்கில் பேசினால் ஓட்டுநர் விரைகிறார். எப்படிப் பேசினாலும் வேகத்துக்குத்தான் கூலி. விதை விழுந்த இடத்துக்கு அல்ல. பெட்டி மூடியிருக்கிறது, மண்ணும் மூடிவிடுகிறது. பிழை தெரியவரும்போது வாடகை கைமாறி, வண்டி வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கும். புரட்டாசிப் பட்டமும் காத்திருக்காது.

உறிஞ்சும் அமைப்பு இந்த முரண்பாட்டை முழுமையாக நீக்காவிட்டாலும் வேகத்தைக் கூடுதலாகத் தாங்கும். அதன் விலையும், அதை இயக்கத் தேவைப்படும் பெரிய டிராக்டரும்தான் தடை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். இவ்வளவு நிலத்துக்கு யாரும் சொந்தமாக வாங்க மாட்டார்கள். வாடகை மையங்கள்தான் வழி. 2014-15 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் கருவிகளுக்கு மானியம் உண்டு. ஆனால் கருவி வாங்கப்பட்டதா என்று பார்க்கும் அக்கறை, அது எப்படி விதைக்கிறது என்று பார்ப்பதில் இல்லை. இருக்கிற கருவியின் தேய்ந்த தட்டை மாற்றவும், பயிருக்கேற்ற தட்டுகளை மையத்தில் இருப்பு வைக்கவும் ஆகும் செலவு சிறிது. புதுக் கருவிக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பலாம் என்பது என் கருத்து.

தரத்தை அளப்பதும் கடினமன்று. இடைவெளி நிர்ணயித்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தால் அது இரட்டை விதை, ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் அது விடுபட்ட இடம் என்பது சர்வதேச அளவுகோல். மக்காச்சோளத்தில் பன்னிரண்டரை செ.மீ., முப்பத்தேழரை செ.மீ. ஒரு நாடாவும் அரை மணி நேரமும் போதும். வாடகையில் ஒரு பகுதியை எட்டாம் நாள் எண்ணிப் பார்த்துக் கொடுப்பது என்று உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் ஒப்பந்தம் செய்துகொண்டால், தேய்ந்த தட்டை மாற்றும் அவசரம் கருவி உரிமையாளருக்கே வந்துவிடும்.

இதில் வருந்துகிறவர்களும் உண்டு. ஏருக்குப் பின்னால் நடந்து விதை ஊன்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கருவி வந்ததும் முதலில் போனது அவர்களின் கூலி. வேலையாட்கள் தாம் சொன்னபடி செய்யவில்லை என்ற சலிப்பில்தான் டல் தம் கருவியைச் செய்யப் புகுந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். என் உறவினர் வயலில் இடைவெளிகளை நிரப்பப் பத்தாம் நாள் இரண்டு பெண்களை அழைத்தார். குச்சியால் குத்தி, குழிக்கு ஒரு விதையாக, அவர்கள் பிசகாமல் போட்டுச் சென்றார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அந்த நாற்றுகள் முளைத்திருந்தன. ஆனால் முன்னே முளைத்தவற்றின் நிழலில், முழங்கால் உயரம்கூட எட்டாமல் நின்றன.