26 ஆட்டங்களில் தொடர் தோல்வி! 27-வது ஆட்டத்தில் வெற்றி!

ஓர் ஆட்டத்தில் தோற்றால் வருத்தம் வரும். ஐந்தில் தோற்றால் கோபம் வரும். தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றால்? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்!

அப்படிச் சிரிப்புக்கு ஆளான கோஷ்டி ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் "டாம்பா பே புக்கனியர்ஸ்". புக்கனியர் என்றால் கடற்கொள்ளைக்காரன்.

டாம்பா, புளோரிடா மாகாணத்தின் மேற்குக் கரையில் உள்ள நகரம். 1976-ம் ஆண்டில் அந்த ஊர்க் கோஷ்டி முதன்முதலாகக் களத்தில் இறங்கியது.

முட்டை வடிவப் பந்து

அமெரிக்கக் கால்பந்து வேறு, நம் நாட்டில் ஆடும் கால்பந்து வேறு. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியவும் செய்யலாம். எதிரிகள் பாய்ந்து வந்து ஆளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பந்தை 10 கஜ தூரம் முன்னே கொண்டுபோக வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளிகள்.

வேண்டாதவர்கள் வந்தார்கள்

புதிய கோஷ்டிக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பழைய கோஷ்டிகள் நல்ல வீரர்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. மிச்சம் இருந்தவர்களிலிருந்து 39 பேரைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். வயதானவர்களும் அடிபட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

பயிற்சியாளர் ஜான் மெக்கே சாமானியர் அல்ல. கல்லூரிப் பந்தயங்களில் 4 முறை தேசிய வெற்றி கண்டவர். அவராலும் என்ன செய்ய முடியும்?

முதல் ஆட்டத்தில் ஹூஸ்டன் கோஷ்டி 20-0 என்று தோற்கடித்தது. அடுத்த ஆட்டத்தில் சாண்டியாகோ 23-0. மொத்தம் 5 ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை!

அதே ஆண்டில் பிறந்த இன்னொரு கோஷ்டி சியாட்டில். அதுவும் அதுவரை ஜெயிக்கவில்லை. இரண்டும் மோதின. "இதிலாவது வெல்வோம்" என்று டாம்பா ரசிகர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் புள்ளிகளைச் சமமாக்க டாம்பா வீரர் பந்தை உதைத்தார். சியாட்டில் வீரர் அதைத் தடுத்துவிட்டார்! முடிவு: 13-10. மறுவாரம் மியாமியிடமும் 3 புள்ளிகளில் தோல்வி.

ஆண்டு முடிந்தது. 14 ஆட்டங்கள், 14 தோல்விகள். எடுத்த புள்ளிகள் 125. கொடுத்தவை 412.

"வளைகுடாவில் தூக்கி எறி!"

1977-ம் ஆண்டு பிறந்தது. முதல் 12 ஆட்டங்களிலும் அதே கதைதான். "மெக்கேயை வளைகுடாவில் தூக்கி எறி!" என்று ஊரில் கோஷம் எழுந்தது.

ஆனால் கோஷ்டியின் முதலாளி அவரை விலக்கவில்லை. மெக்கேயும் ஓடிவிடவில்லை. கல்லூரி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்.

இதற்கு ஒரு விதி கைகொடுத்தது. எந்தக் கோஷ்டி கடைசியாக வருகிறதோ, அதற்குத்தான் மறு ஆண்டு கல்லூரி வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பலவீனமானவன் எழுந்து நிற்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. புதிய கோஷ்டி என்பதால் 1976-ல் லீ ராய் செல்மன் கிடைத்தார். தோற்றதன் பலனாக 1977-ல் ரிக்கி பெல் கிடைத்தார்.

வந்தது வெற்றி!

1977 டிசம்பர் 11. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆட்டம். எதிரி எறிந்த பந்துகளை டாம்பா வீரர்கள் பாய்ந்து பாய்ந்து பறித்தார்கள். பறித்த பந்தோடு ஓடியே புள்ளிகள் குவித்தார்கள். 33-14 என்று வெற்றி!

வீரர்கள் ஊர் திரும்பியபோது ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். மறுவாரம் செயின்ட் லூயி கோஷ்டியையும் 17-7 என்று வென்றார்கள்.

இரண்டே ஆண்டுகள் சென்றன. 1979-ல் அதே கோஷ்டி 16 ஆட்டங்களில் 10-ல் வென்றது. இறுதிப் பந்தயத்துக்கு ஒரே படி பாக்கி இருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டியிடம் 9-0 என்று தோற்றது. அந்த ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் என்ற விருது செல்மனுக்குக் கிடைத்தது. 1995-ல் அவர் பெயர் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றது.

மகன் கண்ட வெற்றி

மெக்கே 1984 வரை பயிற்சியாளராக இருந்தார். 2001-ல் காலமானார். 2003 ஜனவரியில் டாம்பா கோஷ்டி அமெரிக்காவின் மாபெரும் இறுதிப் பந்தயத்தில் 48-21 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அதைக் காண அவர் இல்லை.

ஆனால் அன்று அந்தக் கோஷ்டியின் பொது மேலாளராக இருந்தவர் யார் தெரியுமா? மெக்கேயின் மகன் ரிச் மெக்கே!