இணைய வேகத்துக்குக் கட்டணம் கூட்டும் முன் வீட்டுக் கேபிளைப் பாருங்கள்



தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் பணியை ‘டான்பிநெட்’ என்ற அரசு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. தனியார் இணைப்புகளும் பெருகிவிட்டன. பிள்ளைகளின் படிப்பு, அரசு விண்ணப்பங்கள், வீட்டிலிருந்தே செய்யும் வேலை எல்லாம் இணையத்தை நம்பியே நடக்கின்றன. இதனுடன் ஒரு புகாரும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறது: “200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். சோதித்துப் பார்த்தால் 94க்கு மேல் ஏறுவதே இல்லை.”

பிளவக்கல் அணையில் தண்ணீர் நிறைந்திருக்கலாம், கண்மாயும் பெருகியிருக்கலாம். வயலுக்குத் திரும்பும் மடை குறுகலாக இருந்தால் பயிருக்கு அந்த அளவுதான் பாயும். இணையத்திலும் பல வீடுகளில் இதுதான் நிலை. தடை வெளியே இல்லை, கணினியையும் ரவுட்டரையும் இணைக்கும் சில அடி கேபிளில் இருக்கிறது.

94 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

கணினியில் லேன் கேபிளைச் செருகும் இடத்தின் பின்னால் இருப்பது நெட்வொர்க் கார்டு. கேபிளைச் செருகியதும் இந்தக் கார்டும் ரவுட்டரும் தமக்குள் பேசி, இருவராலும் முடிந்த உயர்ந்த வேகத்தை முடிவு செய்துகொள்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அது 100 எம்பிபிஎஸ் அல்லது 1000 எம்பிபிஎஸ். இடையில் 200, 300 என்று ஒரு படி கிடையாது. 100 என்று முடிவாகிவிட்டால், தகவலோடு சேர்ந்து போகும் முகவரிக் குறிப்புகள் போக, நமக்குக் கிடைப்பது சுமார் 94, 95தான். ஆகவே நீங்கள் 300க்குக் கட்டினாலும் 500க்குக் கட்டினாலும் சோதனையில் 94 என்றே காட்டும்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு சோடிகள் போதும். 1999இல் வந்த கிகாபிட் தரத்துக்கு நான்கு சோடிகளும் வேண்டும். எட்டில் ஒரு கம்பி அறுந்தாலும், முனையில் சரியாகப் பதியாவிட்டாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும். இணையம் நிற்காது. அதனால்தான் பழுது இருப்பதே தெரியாமல் போகிறது.

கல்வி உதவி கேட்டு வந்த மனு ஒன்றில் இணையக் கட்டணத்தையும் ஒரு தாயார் எழுதியிருந்தார். தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்துபவர். மகன் வீட்டிலிருந்தே வீடியோ தொகுப்பு வேலை செய்கிறார். வேகம் போதவில்லை என்று இரண்டு முறை திட்டத்தை உயர்த்தியும் பயனில்லை. நம் தொண்டர் ஒருவர் போய்ப் பார்த்தபோது, ஒரே கேபிளைப் பிரித்து நான்கு கம்பிகளைக் கணினிக்கும் மீதி நான்கைக் கண்காணிப்பு கேமராவுக்கும் கொடுத்திருந்தார்கள். தனிக் கேபிள் போட்டதும் வேகம் வந்தது. புதுக் கேபிளின் விலை, அவர்கள் ஒரு மாதம் கூடுதலாகக் கட்டிய தொகையைவிடக் குறைவு.

சோதிக்கும் முறை

1. விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று செல்லுங்கள். ‘லிங்க் ஸ்பீடு’ என்ற வரியில் 1000 என்றிருந்தால் இந்தக் கேபிளில் குறையில்லை. 100 என்றிருந்தால் மேலே படியுங்கள்.

2. முதலில் கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். நன்றாக வேலை செய்யும் வீட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கினால் போதும். உறையில் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடி வழியாக வரும் கேபிளில் வெயிலும் எலியும் செய்த சேதத்தையும் பாருங்கள்.

3. கேபிள் சரியென்றால் ரவுட்டரில் துளையை மாற்றிச் செருகுங்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டுமே கிகாபிட், மற்றவை 100தான்.

4. அதன்பின் கார்டைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் பெயரோடு ‘கிகாபிட்’ அல்லது ‘ஜிபிஇ’ என்று இருந்தால் 1000 வரை போகும். ‘ஃபாஸ்ட் ஈதர்நெட்’ அல்லது ‘எஃப்இ’ என்றிருந்தால் அதன் எல்லையே 100. எந்தக் கேபிளும் அதை உயர்த்தாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் குறை எதில் இருந்தது என்று தெரியாது. நல்ல பொருளும் குப்பைக்குப் போகும்.

கார்டின் அமைப்பில் ‘ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்’ என்ற பகுதி உண்டு. அது ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்றே இருக்கட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் 100 என்று கட்டாயமாக வைத்துவிட்டால், இரு பக்கமும் பேசிக்கொள்ள முடியாமல் மறுபக்கம் ஒருவழிப் பாதை போல மாறிமாறி அனுப்பத் தொடங்கும். இணைப்பு இருக்கும், ஆனால் வேகம் முன்பைவிட மோசமாகும்.

வைஃபை மட்டும் பயன்படுத்துகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியிழை வந்து சேரும் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், இரண்டையும் இணைக்கும் சிறு கேபிள் பழுதானால் வீடு முழுவதற்கும் 94தான்.

உங்கள் திட்டமே 100 எம்பிபிஎஸ் அல்லது அதற்குக் கீழ் என்றால் எதையும் மாற்றத் தேவையில்லை. பாடம் பார்க்கவும் விண்ணப்பம் அனுப்பவும் அது தாராளம். தேவையற்ற வேகத்துக்குப் பணம் கட்டுவதும் வீண் விரயமே. லிங்க் ஸ்பீடு 1000 காட்டியும் வேகம் வரவில்லை என்றால் மட்டும் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். கேபிள் வழியாகச் சோதித்த முடிவைச் சொன்னால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது.

நம் படிப்பகத்தில் நல்ல கேபிள் ஒன்றும் கேபிள் சோதிக்கும் கருவியும் வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் பெயர் எழுதி எடுத்துச் சென்று, சோதித்ததும் திருப்பித் தரலாம். கட்டணம் ஏதுமில்லை. இணையக் கட்டணத்துக்கு உதவி கேட்டு மனு தருபவர்கள், லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்பதையும் அதில் எழுதிவிட்டால் முதலில் கேபிளைச் சரிசெய்து தருவோம்.