ஒளியால் அறியும் நோய்: வெறிநோயும் ஒளிர் எதிர்ப்பொருள் சோதனையும்

நோய் இன்னதெனத் தெளிந்து, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை வகுத்த முறையாகும். மனிதன் தன் நோவை வாய்திறந்து சொல்வான். வாயில்லா உயிர்கள் சொல்லமாட்டா. ஆதலின் விலங்குகளுக்கு வரும் தொற்றுநோய்களைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தின் துணை இன்றியமையாதது. அத்தகைய துணைகளுள் ஒன்று ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை. பன்றிக் காய்ச்சல், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் முதலிய பல நோய்களுக்கு இச்சோதனை பயன்படுகின்றது எனினும், வெறிநோயைக் கண்டறிவதில் இதற்குரிய இடம் தனிச் சிறப்புடையது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறிநோயின் இயல்பு

ரேபிஸ் எனப்படும் வெறிநோய் ஒருவகை வைரசினால் உண்டாவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள வைரசு, கடிபட்ட புண்ணின் வழியே உடலுள் நுழைகிறது. நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையைச் சென்றடைகிறது. இப்பயணத்திற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனம் எடுத்தாளும் மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினர்; குழந்தைகளும் மிகுதி. இபுனு சீனா தமது 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் வெறிநாய்க்கடியைப் பற்றித் தனியே எழுதியிருப்பது, இந்நோய் மனித இனத்தை நெடுங்காலமாக வாட்டி வருவதற்குச் சான்றாகும்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று. வெறிநாய் கடித்த பசுவுக்கும் ஆட்டுக்கும் அது வரும். நோயுற்ற மாடு வாயில் நீரொழுக நிற்கும். தீனியை விழுங்க இயலாது திணறும். அடித்தொண்டையில் ஓயாது கதறும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்றெண்ணி, வீட்டார் வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவுவதுண்டு. கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும், ஆபத்து நேரும். அம்மாடு எதனால் இறந்தது என்பதை உறுதியாக அறிவது, அதனைத் தொட்டுப் பேணிய குடும்பத்தாரின் உயிர்ப் பிரச்சினையாகி விடுகின்றது.

முன்னாளைய முறைகள்

1903ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் அடெல்கி நெக்ரி, வெறிநோயால் இறந்த விலங்குகளின் மூளை உயிரணுக்களில் சிறு உருண்டைகளைக் கண்டார். அவை நெக்ரித் துகள்கள் எனப் பெயர் பெற்றன. சாயமிட்டு நுண்ணோக்கியில் அவற்றைத் தேடுவதே நெடுங்காலம் வழக்கிலிருந்த முறை. ஆனால், நோயுற்ற விலங்குகள் அனைத்திலும் இத்துகள்கள் தென்படுவதில்லை. துகள் இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல இயலாது. ஐயம் தீர, மூளைச் சாற்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றை 28 நாள்வரை கண்காணித்தனர். கடிபட்டவனுக்கோ அத்தனை நாள் காத்திருக்க நேரமில்லை.

உயிருள்ள விலங்கின் குருதியைச் சோதித்தால் என்ன என்று வினவலாம். இவ்வைரசு பெரும்பாலும் நரம்பின் வழியே மறைந்து செல்வதால், குருதியில் எதிர்ப்பொருள் தோன்றுவது மிகத் தாமதம். பலபோது தோன்றுமுன்னரே விலங்கு இறந்துவிடும். ஆகவே இறந்த விலங்கின் மூளையே நம்பத்தக்க சான்றாகிறது.

ஒளியும் எதிர்ப்பொருளும்

ஒளியின் இயல்பை 11ஆம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் ஆராய்ந்தவர் இபுனுல் ஹைதம். பிற்காலத்தில், சில பொருள்கள் ஒருநிற ஒளியை உட்கொண்டு வேறுநிற ஒளியை உமிழ்வதை ஆராய்ந்து, 1852இல் அதற்கு 'ஃபுளூரசன்ஸ்' எனப் பெயரிட்டவர் ஸ்டோக்ஸ் என்னும் அறிவியலார். இதனை நாம் ஒளிர்தல் என்கிறோம். 1871இல் ஜெர்மானிய வேதியியலார் பேயர், ஃபுளூரசீன் என்னும் ஒளிர்சாயத்தை உருவாக்கினார். நீல ஒளி பட்டால் இச்சாயம் பச்சை ஒளி வீசும்.

இனி, எதிர்ப்பொருள் என்பது யாது? நோய்க்கிருமி உடலுள் புகுந்தால், உடல் அதனை எதிர்க்கும் புரதத்தை உண்டாக்குகின்றது. அதுவே எதிர்ப்பொருள். ஒரு பூட்டுக்கு அதன் சாவியே பொருந்துவதுபோல, ஒரு கிருமிக்குரிய எதிர்ப்பொருள் அக்கிருமியையே பற்றும். கண்ணுக்குப் புலப்படாத இந்த எதிர்ப்பொருளுடன் ஒளிர்சாயத்தை இணைத்துவிட்டால், அது எங்கே சென்று ஒட்டுகிறது என்பதைக் கண்ணால் காணலாமன்றோ? இச்சிந்தனைக்கு உருக்கொடுத்தவர் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். 1941இல் அவரும் அவர்தம் துணைவரும் முதல் வெற்றியை அறிவித்தனர். முதலில் கையாண்ட சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களும் இயல்பாகவே நீலச்சாயலுடன் ஒளிர்வதால் வேறுபாடு தெளிவாகவில்லை. பின்னர் பச்சையாக ஒளிரும் ஃபுளூரசீனுக்கு மாறினர். 1958இல் கோல்டுவாசர், கிஸ்லிங் ஆகிய இருவரும் இம்முறையை வெறிநோய்க்குப் பயன்படுத்திக் காட்டினர்.

சோதனை நிகழும் முறை

இறந்த விலங்கின் மூளையிலிருந்து மூளைத்தண்டும் சிறுமூளையும் எடுக்கப்படுகின்றன. மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைரசு இருக்கக்கூடுமாதலால், மூளைத்தண்டை முழுக் குறுக்குவெட்டாக எடுத்தல் வேண்டும். அத்துண்டைக் கண்ணாடிச் சிலைடில் மெல்ல ஒற்றி எடுத்து, உலர்த்தி, கடுங்குளிரூட்டப்பட்ட அசிட்டோனில் இட்டுப் பதியச் செய்வர். பின்னர்ச் சாயமேற்றிய எதிர்ப்பொருளை அதன்மீது சொட்டி, 37 பாகை செல்சியசு வெப்பத்தில் அரைமணி நேரம் வைப்பர். அதன்பின் உப்புக் கரைசலால் நன்கு கழுவுவர்.

இக்கழுவுதலே சோதனையின் உயிர்நாடி. வைரசு இருந்தால், எதிர்ப்பொருள் அதனை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கும். இல்லையேல் நீரோடு போய்விடும். ஒளிர்வு நுண்ணோக்கியில் நோக்கும்போது, நோயுற்ற மூளையில் இருண்ட பின்னணியில் பசிய ஆப்பிள் நிறத்தில் பெரியவும் சிறியவுமான புள்ளிகள் சுடர்விடும். நோயற்ற மூளை இருண்டே கிடக்கும். நோயுள்ளதென்றும் நோயற்றதென்றும் முன்பே உறுதியான இரு மாதிரிகளையும் உடன்வைத்துச் சோதிப்பர். அவை சரியான விடை தந்தாலன்றிச் சோதனை ஏற்கப்படாது.

சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். மூளை புதியதாக இருப்பின் நூற்றுக்கு 95 முதல் 99 வரை நம்பத்தக்க முடிவு கிட்டும் என்பர். அழுகிய மூளையில் ஒளி தென்படாவிடில், அதனை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஒளிர்வு நுண்ணோக்கி இல்லாத இடங்களில் சாதாரண நுண்ணோக்கியால் பார்க்கத்தக்க மாற்றுச் சோதனையும் இன்று உள்ளது. பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வெறிநோய் ஆய்வுக்கூடம் உலக விலங்கு நலவாழ்வு அமைப்பின் ஏற்பு பெற்றதாகும்.

நாம் செய்யத்தக்கவை

கடித்த நாயை அடித்துக்கொன்று புதைப்பது நம் ஊர்களில் வழக்கம். அடியில் தலை சிதைந்தால் சான்றும் சிதைகிறது. புதைத்தால் சான்றும் புதைகிறது. நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிப்பதே அறிவுடைமை. பத்து நாளும் அது நலமாயிருப்பின், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரசு இருந்திருக்காது. இடையில் இறந்துபடின், கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். தலையைப் பனிக்கட்டியிட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப அவர் வழிசெய்வார். வெறுங்கையால் நாமே அறுத்தல் கூடாது. ஐயத்திற்குரிய ஆடுமாடுகளை அறுத்து உண்ணவும் விற்கவும் முனைவது அறுப்பவரின் உயிருக்கே உலையாகலாம். நோய் வெளிப்படத் தெரியும் பிராணி குர்பானிக்கும் தகாது என்பது நாம் அறிந்த மார்க்கச் சட்டமே.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. சோதனை முடிவுக்காகக் கடிபட்டவர் காத்திருத்தல் ஆகாது. புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி தொடங்குதல் வேண்டும். மருத்துவர் கூறின் எதிர்ப்பொருள் மருந்தையும் புண்ணில் செலுத்திக்கொள்ளல் வேண்டும். சோதனையின் பயன், தொடங்கிய மருத்துவத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என மருத்துவர் தீர்மானிப்பதிலும், அவ்விலங்கோடு பழகிய பிறரைத் தேடிக் காப்பதிலும் உள்ளது.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு இறைவன் பிழைபொறுத்தான் என்னும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாய்களுக்குக் காலத்தே தடுப்பூசி போடுவதும் அத்தகைய கருணைச் செயலே. அது நாயையும் காக்கும்; நம் குழந்தைகளையும் காக்கும்.