பாளையத்துப் பெண்களும் ஒரு தஞ்சைக் கைம்பெண்ணும்

திருவிடைமருதூருக்கு மகாலிங்க சுவாமியைத் தரிசிக்க வருகிற யாத்திரிகர்களில் பலர், 1798இல் தஞ்சை அரசுரிமையை இழந்த அமர்சிங் மகாராஜா, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு, தம் அந்திம காலத்தை இவ்வூரிலேதான் கழித்தார் என்பதை அறியமாட்டார்கள். அவருக்கு எதிராக இளவரசர் சரபோஜியின் உரிமையை ஆதரித்து, அந்த இளவரசருக்குக் காவலராகவும் இருந்தவர் சுவார்ட்ஸ் ஐயர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். ஆகையால் எங்களூர்க்காரர்களுக்கு அவர்மீது விசேஷ அபிமானம் இருக்க நியாயமில்லை. ஆயினும், அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தப் பாதிரியாரின் ஊழியத்தோடு சம்பந்தப்பட்டதும், ஆனால் பெரும்பகுதி அவரால் செய்யப்படாததுமான ஒரு காரியம் நம் சிரத்தைக்கு உரியது.

1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1762 முதல் திருச்சியில் தங்கி, 1766இல் அங்குக் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த சுவார்ட்ஸ் ஐயர், கம்பெனிப் பட்டாளத்துக்கும் குருவாக இருந்தார். பட்டாளம் என்றால் துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமல்லர். பிறந்த ஊரையும், உறவையும், குலதெய்வக் கோயிலையும் விட்டுச் சிப்பாயின் பின்னே புறப்பட்டுவிட்ட மனைவி, புருஷன் போரில் மடிந்தால் திரும்பிப் போக வீடில்லாமல், முகமறியாத ஊரில் கைக்குழந்தையோடு நின்றாள். மணமின்றி வெள்ளைக்கார அதிகாரிகளோடு வாழ்ந்த பெண்களின் கதி அதனினும் கஷ்டம். சொந்த ஜாதியார் அவர்களை விலக்கினார்கள், துரைமாரின் சமூகமோ சேர்த்துக்கொள்ளவில்லை.

இத்தகையோர் தங்கிய பட்டாளத்துப் பாளையங்களில் சபை எப்படி முளைத்தது என்பதற்குச் சுவார்ட்ஸ் ஐயர் 1771இல் எழுதிய குறிப்பே சாட்சி. பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்னும் ஒரு கிறிஸ்தவர் மற்றவர்களுக்கு வேத வசனத்தை வாசித்துக் காட்டுகிறார் என்றும், அவரோடு ஓர் ஆங்கில சார்ஜெண்டும் சேர்ந்திருக்கிறார் என்றும், அந்தச் சார்ஜெண்டின் மனைவி நம் சபையைச் சேர்ந்தவள் என்றும் அதில் கண்டிருக்கிறது. குருவும் இல்லை, கோபுரமும் இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேட்க அமர்ந்த சிலர், இவ்வளவே. அந்தச் சார்ஜெண்டின் மனைவிக்கு அக்குறிப்பில் பெயர் இல்லாமற் போனதுதான் எனக்கு வருத்தம்.

பெயரோடு நிற்கிறவள் கிளாரிந்தா. தஞ்சையில் மராட்டியப் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண்ணாக இருந்த அவளை, உடன்கட்டையிலிருந்து மீட்டவர் என்று கர்ணபரம்பரை கூறும் லிட்டில்டன் என்னும் அதிகாரி தம்மோடு வைத்துக்கொண்டு, கிறிஸ்தவ மதத்தின் கொள்கைகளைக் கற்பித்தார். அவள் தஞ்சையிலேயே ஞானஸ்நானம் கேட்டபோது, விவாகமின்றி வாழ்கிறாள் என்ற காரணத்தால் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். பட்டாளத்தோடு பாளையங்கோட்டைக்குச் சென்று, அங்கே அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் அவ்வூருக்குப் போனபோதுதான் ஞானஸ்நானம் அவளுக்குக் கிடைத்தது. விதி விதியே என்று அவர் பக்கம் வாதிக்கலாம். ஆனால் அந்த ஏற்பாட்டில் அதிகாரிக்கு இருந்த சுதந்திரம் அவளுக்கு இருந்ததா என்று அக்காலத்தில் கேட்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுக்கப்பட்ட அவளே அங்குச் சபைக்கு வேராக அமைந்தாள். 1780இல் எழுதப்பட்ட பதிவேட்டில் இருந்த நாற்பது பேரில் முதற் பெயர் அவளுடையது. தன் பொருளைச் செலவிட்டும், பாளையத்து ஆங்கிலேயரிடம் உதவி பெற்றும் கோட்டைக்குள் அவள் எழுப்பிய சிறு ஆலயத்தைச் சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். அச்சபையை நடத்த அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதன் 1790 டிசம்பரில் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பெரிய அத்தியட்சாதீனங்களில் ஒன்றாக விளங்கும் திருநெல்வேலியின் ஆரம்பம் இதுவே. அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அவளைக் காதல் கதாநாயகியாகவே பலர் மனத்தில் நிறுத்திவிட்டது. எனக்கோ அந்தப் பதிவேடு நாவலைவிடச் சுவாரசியமானது.

அன்று போலவே இன்றும், மாற்றல் உத்தரவு வந்த இடமெல்லாம் குடிபோகிற பட்டாளத்துப் பெண்களுக்கு, அண்டைவீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடி ஜெபிக்கும் கூட்டம், பக்தியைத் தருவதற்கு முன்பே ஒரு தாய்வீட்டைத் தந்துவிடுகிறது. மேரி சம்னர் 1876இல் இங்கிலாந்தில் தொடங்கிய அன்னையர் சங்கம் பிற்காலத்தில் ராணுவக் குடியிருப்புகளிலும் பரவியதற்கும், அமெரிக்கப் படைத்தளங்களில் சிப்பாய்களின் மனைவிமார் வேதபாட வட்டங்களாகக் கூடுவதற்கும் இதுவே காரணமென்பது என் அபிப்பிராயம். 2013 முதல் விமானப்படைத் தளம் இயங்கும் நம் தஞ்சாவூருக்கும் தூர மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அவர்களுடைய தனிமையும் பழைய பாளையத்துத் தனிமையிலிருந்து அதிகம் வேறுபட்டதாக இராது.

ஆனால் இக்கூட்டங்களை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. பாளையத்தில் அதிகாரியின் துணைவியும் சிப்பாயின் மனைவியும் ஒரே பாயில் அமர்ந்தது உண்மையாயின், அது கூட்டம் நடந்த நேரம் மட்டும் நீடித்ததேயன்றி, வெளியே அந்தஸ்தையும் ஜாதியையும் கரைத்துவிடவில்லை. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபையில் ஜாதி வித்தியாசம் அறவே கூடாதென்று கட்டளையிட்டபோது, சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த தஞ்சைச் சபையிலேயே பலர் அதை ஏற்க மறுத்து விலகிப்போனார்கள்.