‘ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே!’

உங்கள் வீட்டு ஜூலிக்கு எட்டு மாதம் ஆகிறது. நேற்றுவரை ஹாலில் ஓடித் திரிந்த குட்டி. இன்று காலை பார்த்தால், தரையில் அங்கங்கே சின்னச் சின்ன ரத்தப் பொட்டு! ‘ஐயோ, எங்கேயாவது அடிபட்டுடுச்சா?’ என்று பதறிப்போய்க் காலைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். காயம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

“அட, உங்க பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா!”

அதோடு விட்டாரா? “ஒரு தடவையாவது குட்டி போடட்டும். அப்பதான் அது உடம்புக்கு நல்லது. எங்க அண்ணன் வீட்டுல ஒரு கடுவன் இருக்கு, சொல்லி வைக்கட்டுமா?”

பெண் நாய் வளர்க்கும் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியே தீருவார். சொல்பவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் விஷயம் தப்பு. ஒரு முறை குட்டி போட்டால் பெட்டை நாயின் ஆரோக்கியம் கூடும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. ‘தாயாகாமல் ஏங்கிப் போய்விடும்’ என்பதும் நம்முடைய ஏக்கம்தான், நாயுடையது அல்ல. குட்டி வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் யோசித்து முடிவெடுக்கலாம். அந்த முடிவை மாமியோ, தெருவில் நிற்கும் கடுவனோ எடுத்துவிடக் கூடாது!

முதலில் ‘ஹீட்’ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். சிறிய ஜாதி நாய்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் முதல் ஹீட் வரலாம். பெரிய ஜாதி என்றால் ஒன்றரை வயதுகூட ஆகலாம். பிறகு சுமாராக ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம். முதல் எட்டு, பத்து நாள் ரத்தம் கசியும். அந்தச் சமயத்தில் கடுவன் கிட்டே வந்தால் பெட்டை உறுமித் துரத்திவிடும். பிறகு கசிவின் நிறம் வெளுத்து, வைக்கோல் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகும். ‘அப்பாடா, முடிஞ்சுது’ என்று வீட்டம்மா பெருமூச்சு விட்டு, சங்கிலியை அவிழ்த்து விடுவார். அங்கேதான் வினை! பெரும்பாலான நாய்களுக்குக் கரு தங்குகிற நாட்களே அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. நாயின் ரத்தக் கசிவை நம் வீட்டுப் பெண்களின் மாதவிலக்கோடு போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் கோளாறு இது. நாய்க்குக் கசிவு என்பது முன்னேற்பாடு.

இன்னொன்று. ‘தீட்டு’ என்று சொல்லி அந்த மூன்று வாரமும் நாயைக் கொல்லைப்புறத்தில் கட்டிப் போடும் வீடுகள் உண்டு. உங்கள் வீட்டுப் பழக்கவழக்கத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் கொல்லைப்புறச் சுவர்தான் வழக்கமாகக் குட்டையாக இருக்கும். கட்டிக் கிடக்கிற நாயால் ஓடவும் முடியாது. வாசனை பிடித்துத் தெருவே அங்கே கூடிவிடும். பூஜையறைப் பக்கம் வராமல் ஓர் அறையில் வையுங்கள், பழைய துணியால் ‘நாப்கின்’ மாதிரி கட்டிவிடுங்கள். வெளியே அழைத்துப் போவதானால் சங்கிலியைக் கையில் பிடித்தபடி, பெரியவர்கள் யாராவது போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனிடம் ஒப்படைக்காதீர்கள். நாலு கடுவன்கள் சூழ்ந்தால் குழந்தை கடிபடுவான்.

மீறி இணை சேர்ந்துவிட்டதா? இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது கல்லெறிவதும், வாளித் தண்ணீரைக் கொட்டுவதும், பிடித்து இழுப்பதும் வேண்டவே வேண்டாம். இரண்டுக்குமே உள்ளே காயம் ஏற்படும். பத்து நிமிஷமோ அரை மணியோ, தானாக விலகும். மறுநாளே டாக்டரிடம் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சரி, மாமியின் அண்ணன் வீட்டுக் கடுவனுக்கு வருவோம். ‘நல்ல ஜாதி நாய், சர்ட்டிபிகேட் இருக்கு’ என்பார்கள். சர்ட்டிபிகேட் சொல்வது வம்சத்தைத்தான். அந்த நாய் தெருவிலும் சுற்றுகிறதா? வேறு எத்தனை பெட்டைகளோடு சேர்ந்திருக்கிறது? நம் ஊர் நாய்களிடம் அடிக்கடி பார்க்கிற ஒரு கட்டி நோய் இருக்கிறது. இணை சேரும்போதே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குப் புற்றுநோய் அணுக்களாகவே ஒட்டிக்கொண்டு, பிறப்புறுப்பில் காலிபிளவர் மாதிரி வளரும். ஹீட் முடிந்த பிறகும் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். வாராவாரம் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் அது கீமோதெரபி ஊசி. ஒரு நாள் சமாச்சாரத்துக்கு எத்தனை வார அலைச்சல் பாருங்கள்!

சொந்தத்துக்குள் ‘கிராஸ்’ விடுவது இன்னொரு வம்பு. அண்ணன் தங்கை, அப்பா மகள் என்று பார்க்காமல், நிறம் ஒத்துப்போனால் போதும் என்று சேர்த்துவிடுகிறார்கள். தூய வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை அது. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சமாக வரும். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிவந்ததே, அந்த ‘பக்’ நாய்? அதைப் பார்த்து ஊரெல்லாம் பக் வாங்கியது. சப்பை மூக்கால் அது மூச்சுவிடவே திணறும் என்பதும், குட்டிகளின் பெரிய தலையால் பல சமயம் சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும் என்பதும் வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள். பிரசவம் நெருங்கும்போது உடல் சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். அநேகமாக ஒரு நாளைக்குள் குட்டி வந்துவிடும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை! அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கடந்தாலும், முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சையாக நீர் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது பிரசவத்தைப் பற்றி அல்ல. அதற்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து வருகிற ஆபத்தைப் பற்றி. அப்போது எல்லோரும் அசந்திருப்போம். குட்டிகள் கொழுகொழுவென்று பால் குடித்துக்கொண்டிருக்கும். நாம் ‘பொமரேனியன்’ என்று கூப்பிடுகிற ஸ்பிட்ஸ் போன்ற சின்ன ஜாதிகளில், திடீரென்று ஒரு நாள் தாய் இரைக்க ஆரம்பிக்கும். நிலைகொள்ளாமல் அலையும். நடை தள்ளாடும். கால்கள் விறைத்து உடம்பு நடுங்கும். சூடு 105-க்கு மேல் ஏறிவிடும். ‘ஜுரம் போலிருக்கு’ என்று பாரசிட்டமால் தேடுவார்கள். ஜுரம் அல்ல. பாலோடு கால்சியம் எல்லாம் வெளியே போய், ரத்தத்தில் அது அபாய அளவுக்குக் குறைந்துவிட்டது! ரத்தக் குழாய் வழியாக டாக்டர் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். தாமதித்தால் வலிப்பு வந்து உயிரே போகும். குட்டிகளை உடனே பிரித்து வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். இதற்குப் பயந்து கர்ப்ப காலத்திலேயே கால்சியம் டானிக்கை டம்ளர் டம்ளராகக் கொடுப்பவர்களும் உண்டு. அது இன்னும் கெடுதல். வெளியிலிருந்து தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும்.

எல்லாம் நல்லபடி முடிந்தது, எட்டுக் குட்டி என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அலசித் துடைப்பது மட்டும் யார்? வேறு யார், அம்மாதான்! மூன்றாவது வாரத்திலிருந்து எட்டும் வீடு முழுக்க அசிங்கம் பண்ணும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிகளுக்கு உருண்டைப் புழு வந்துவிடுகிறது. இரண்டாவது வாரம் தொடங்கி எட்டாவது வாரம்வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். இந்தப் புழுவின் முட்டை மண்ணில் கலந்து, விரல் சூப்பும் குழந்தையின் வயிற்றுக்குள்ளும் போகும். அபூர்வமாகக் கண்ணையே பாதிக்கும். அதனால் கழிவை அன்றன்றைக்கே அள்ளுங்கள். குழந்தைகளைச் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. அதை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை நாலு மாதம்வரை திரும்பப் போட வேண்டும். பார்வோ எனும் ரத்தப் பேதி ஒரு குட்டிக்கு வந்தால் மற்றவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம்.

இனிதான் முக்கியமான கேள்வி. எட்டுக் குட்டியையும் யாரிடம் கொடுப்பீர்கள்? கர்ப்பமாக இருக்கும்போது ‘எனக்கொண்ணு, எனக்கொண்ணு’ என்று முன்பதிவு செய்தவர்கள் எல்லாம், ஆறாவது வாரத்தில் போன் செய்தால் ஊருக்குப் போயிருப்பார்கள். கடுவன் குட்டிகள் எப்படியோ போய்விடும். மிஞ்சுவது பெட்டைக் குட்டிகள். ‘பெட்டையா? வேண்டாங்க’ என்பார்கள். கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி, ஒரு ஸ்கூட்டர், விடியற்காலை மார்க்கெட் வாசல் அல்லது கறிக்கடை ஓரம். ‘எப்படியாவது பொழைச்சுக்கும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது. பிழைப்பது ரொம்பச் சொற்பம். பிழைத்தால், அந்தப் பெட்டைக் குட்டி ஒரு வயதுக்குள் அதே தெருவில் குட்டி போடும். தெருநாய்த் தொல்லை என்று மாநகராட்சியைத் திட்டுகிறோமே, அதில் கொஞ்சம் நம் வீட்டு அட்டைப்பெட்டியிலிருந்து போனது!

விற்கலாமே என்கிறீர்களா? 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, விற்பனைக்குக் குட்டி எடுப்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒன்றரை வயது நிரம்பாத பெட்டையைக் குட்டிக்கு விடக் கூடாது. ‘முதல் ஹீட்டிலேயே கிராஸ் விட்டுடுங்க’ என்று யோசனை சொல்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

“குட்டியே வேண்டாம், அடைத்து வைத்துக் காப்பாத்திக்கிறோம்” என்றால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை! ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும், கரு தங்கினாலும் தங்காவிட்டாலும், இரண்டு மாதத்துக்குக் கர்ப்ப கால ஹார்மோன் நாயின் உடம்பில் சுரந்துகொண்டுதான் இருக்கும். சில நாய்கள் குட்டி இல்லாமலே மடி பெருத்து, பால் கட்டி, பழைய செருப்பை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு சில வாரத்தில் சரியாகிவிடும். மடியைப் பிழியாமல் இருந்தால் சரி.

பயப்பட வேண்டியது கருப்பையில் சீழ் வைப்பது. நடுவயதைத் தாண்டிய பெட்டைகளுக்கு, ஹீட் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் வரும். நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், வாந்தி எடுக்கும். பின்பக்கம் நாற்றத்தோடு சீழ் வந்தால் நமக்குத் தெரியும். கருப்பை வாய் மூடிக்கொண்டால் வெளியே எதுவுமே வராது. வயிறுதான் உப்பும். ‘வயசாயிடுச்சு, அதான் சோர்ந்து படுத்திருக்கு’ என்று இரண்டு நாள் விட்டுவிட்டால் உடம்பெல்லாம் விஷம் பரவிவிடும். ஆரோக்கியமான நாய்க்கு ஆபரேஷன் செய்யும் வழக்கம் குறைவாக இருந்த ஸ்வீடன் நாட்டில், நாய் இன்ஷூரன்ஸ் கணக்கை வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெட்டைக்குப் பத்து வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது. ஹீட்டே வராமல் இருக்க ஹார்மோன் ஊசி போடுகிறார்களே, அது இந்த நோயையும் மடிக் கட்டியையும் கூப்பிட்டு வைத்துக்கொள்வது மாதிரி.

குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடும் ஆபரேஷன்தான் நல்ல வழி. சீழும் வராது, தெருக் கூட்டமும் கூடாது. மடியில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பும் குறையும் என்பதே பெரும்பாலான டாக்டர்களின் கருத்து. சின்ன ஜாதிக்கு ஆறு மாதத்தை ஒட்டிச் செய்யலாம். பெரிய ஜாதிக்கு எலும்பு வளர்ந்து முடியட்டும், ஒரு வயதுக்கு மேல் டாக்டரைக் கேட்டுத் தேதி வையுங்கள். ஹீட்டில் இருக்கும்போது ரத்த ஓட்டம் அதிகம். அது முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்வது உத்தமம்.

‘ஆபரேஷன் செஞ்சா குண்டாயிடும், குரைக்கவே குரைக்காது’ என்பார்கள். குண்டாவது உண்மைதான். பசி கூடும், தேவை குறையும். தயிர்சாதத்தைக் குறைத்து நடக்க வைத்தால் போதும். குரைக்காது என்பது சும்மா! பெரிய ஜாதி பெட்டைகளில் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம், அதற்கு மருந்து இருக்கிறது. தையலை நக்காமல் பத்து நாள் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிடுவார்கள். பாவமாகத்தான் இருக்கும், கழற்றிவிடாதீர்கள்.

கடுவன் வைத்திருப்பவர்கள் ‘நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மதில் தாண்டி ஓடி, கடிபட்டு வருவது உங்கள் பிள்ளைதானே! ஆண் நாய்க்கான ஆபரேஷன் இதைவிடச் சின்னது.

தனியார் டாக்டருக்குக் கட்டுப்படியாகாது என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரியுங்கள். போகும்போது தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள். ஆபரேஷனுக்கு முதல்நாள் எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பால் கணக்கு குறிக்கிறீர்களே காலண்டர், அதிலேயே ஜூலிக்கு ரத்தம் தெரிந்த முதல் நாளை வட்டம் போட்டு வையுங்கள். “கடைசியா எப்பங்க ஹீட் வந்துச்சு?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.