மௌனம்: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்

மாணவர்களே, 'மௌனம்' என்ற சொல்லுக்கு ஒத்தகருத்துச் சொல் தருமாறு கேட்டால் உங்களுட் பலர் 'அமைதி' என்றோ 'நிசப்தம்' என்றோ எழுதுவீர்கள். விடை பிழையன்று. ஆயினும், அதே பழக்கத்தில் கட்டுரை எழுதும்போது, 'வகுப்பில் நிசப்தமாக இருந்த ஒரே மாணவன் அவன்' என்று ஒருவர் எழுதிவிடுகிறார். வாசிப்பவருக்கு எங்கோ இடறுகிறது. ஒத்தகருத்துச் சொற்கள் எனப்படுபவை முழுவதும் ஒத்தவை அல்ல என்பதற்கு இந்த மூன்று சொற்களையும் விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் நிசப்தத்தை நோக்குவோம். 'சப்தம்' என்பதன் முன்னே இன்மைப் பொருள் தரும் 'நிஸ்' என்ற வடமொழி முன்னொட்டுச் சேர்ந்து உண்டான சொல் இது. சப்தம் என்பதையே நாம் பேச்சில் 'சத்தம்' என்கிறோம். ஆகவே நிசப்தம் என்பது ஓசை இல்லாத நிலை. அது இடத்துக்கும் பொழுதுக்கும் உரியது: நிசப்தமான வீதி, நிசப்தமான இரவு. ஓர் ஆளுக்கு அது பொருந்தாது.

அமைதி தமிழ்ச் சொல். 'அமை' என்ற வினையடியிற் பிறந்தது. பொருந்துதல், அடங்குதல், ஒழுங்காக இருத்தல் என்பன அவ்வடியின் பொருள்கள். இலக்கணத்தில் 'வழுவமைதி' படித்திருப்பீர்கள். வழுவாயினும் ஏற்றுக்கொள்ளப்படுவது என்பதே அங்கு பொருள். சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று சொல்கிறோம். 'மௌனப் பேச்சுவார்த்தை' என்றால் சிரிப்பார்கள்!

மௌனம் என்பதோ பேச வல்ல ஒருவர் பேசாதிருக்கும் நிலை. தொட்டிலில் உறங்கும் ஆறு மாதக் குழந்தையை 'மௌனமாக இருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. வாய் பேச இயலாதவரின் நிலையும் மௌனம் அன்று. பேச்சு கைவசம் இருக்க வேண்டும். அதை ஒருவர் அடக்கிவைக்க வேண்டும். இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அறியச் சொல்லின் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

புத்தர் என்பதிலிருந்து பௌத்தம், குரு என்பதிலிருந்து கௌரவம், சுந்தரம் என்பதிலிருந்து சௌந்தரியம் பிறந்தன. இவற்றில் முதலெழுத்தின் உகரம் ஔகாரமாக மாறியிருப்பதை அவதானியுங்கள். வடமொழி இலக்கணத்தார் இம்மாற்றத்தை விருத்தி என்பர். (சிவன் – சைவம் என்பதும் இதே வகைதான், அங்கு இகரம் ஐகாரமாகிறது.) இவ்வாறே முனி என்பதிலிருந்து மௌனம் பிறந்தது. எனவே மௌனம் என்பதன் நேர்ப்பொருள் 'பேசாமை' அன்று. 'முனிவரின் தன்மை' என்பதே. பேசாமை அத்தன்மையின் வெளி அடையாளமாக இருந்ததால், நாளடைவில் அதுவே சொல்லின் பொருளாக நிலைத்துவிட்டது.

முனி என்ற சொல்லை 'நினைத்தல்' என்ற பொருளுடைய 'மன்' என்னும் வடமொழி அடியோடு தொடர்புபடுத்துவது மரபு. மனம், மந்திரம், மனனம் ஆகியவையும் அவ்வடியைச் சேர்ந்தவை. பரீட்சைக்கு நீங்கள் செய்யும் மனனத்துக்கும் முனிவரின் மௌனத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. 'முனிதல்' என்ற தமிழ் வினையும் உண்டு. வெறுத்தல், சினத்தல் என்பன அதன் பொருள்கள். உலகப் பற்றை வெறுத்தவர் முனிவர் என இவ்வினையைக் கொண்டு விளக்குவோரும் உளர். ஆனால் மௌனம் என்ற வடிவம் வடமொழி முறைப்படி அமைந்தது. பழைய பாடல்களில் 'முனிவு' என்று வந்தால் அது சினத்தை அல்லது வெறுப்பைக் குறிக்கும்; அவசரத்தில் முனிவர் என்று பொருள் எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

பாளி மொழியில் ஔகாரம் ஓகாரமாகும். கௌதமர் அங்கே கோதமர். மௌனம் அங்கே மோனம். தமிழிலும் 'மோனம்' என்ற வடிவம் வழங்குகிறது. எழுத்து மாறி வந்தமையால் இதனைத் தற்பவம் எனலாம். பாளி நூலாகிய தம்மபதத்தில், பேசாதிருப்பதால் மட்டும் ஒருவன் முனி ஆகிவிட மாட்டான் என்ற கருத்து உள்ளது. அறியாமை உடையவன் வாயை மூடிக்கொண்டாலும் அறியாதவனே என்பதே அதன் கருத்து. சொல்லின் பழைய பொருள் மறந்துபோகத் தொடங்கிய காலத்திலேயே அதை நினைவூட்ட ஒருவர் இருந்திருக்கிறார் போலும்.

நமது நாட்டில் இத்தொடர்பு இன்றும் கண்முன்னே இருக்கிறது. பேசாமல் இருப்பதைச் சிங்களத்தில் 'முனிவத ரகினவா' என்பர். 'முனிவத' என்பது முனி விரதம். அதைக் காத்தல் என்பதே தொடரின் பொருள். நாம் 'மௌன விரதம்' என்கிறோம். அடி ஒன்றே.

சைவ சமய பாடத்தில் தட்சணாமூர்த்தியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கல்லால மரத்தின் கீழ் சனகர் முதலிய நான்கு முனிவர்களுக்கு அவர் சொல்லால் அன்றிச் சின்முத்திரையால் உபதேசித்தார் என்பது மரபு. தாயுமானவரின் குரு மௌனகுரு என்றே அழைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) தம்மிடம் வந்தவர்களுக்குச் 'சும்மா இரு' என்று உபதேசித்தார். 'சும்மா' என்பதற்கு வேலையின்றி, இலவசமாக, காரணமின்றி எனப் பல பொருள்கள் உண்டு. இங்கு மௌனமும் அதனுள் அடங்கிவிடுகிறது. காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் மௌனம் அனுட்டித்தார். அந்நாட்களில் துண்டுக் காகிதங்களில் எழுதிப் பிறருக்கு விடையளித்தார். ஆகவே மௌனம் என்றால் எதையும் தெரிவிக்காமை என்று கொள்ள முடியாது.

இக்கால வழக்குகளில் முக்கியமானது 'மௌன அஞ்சலி'. முதலாம் உலகப் போர் ஓய்ந்ததன் முதலாவது ஆண்டு நிறைவில், 1919 நவம்பர் 11ஆம் திகதி, பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் வேண்டுகோளின்படி இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. இலங்கையில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் இறந்தோருக்காக ஆண்டுதோறும் அந்நாளில் காலை 9.25 முதல் 9.27 வரை மௌன அஞ்சலி செலுத்தப்படுகிறது. 'துப்பாக்கிகள் மௌனித்தன' என்பது செய்தித்தாள் வழக்கு. துப்பாக்கிக்கு வாய் இல்லை. அது பேசிக்கொண்டிருந்தது போலவும், பின்னர் நிறுத்தியது போலவும் காட்டுவதால் தான் அத்தொடர் மனதில் தைக்கிறது.

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்ற தொடரையே நீங்கள் அதிகம் எழுதுகிறீர்கள். இதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டியுள்ளது. இதற்கு நிகரான இலத்தீன் சட்ட வாசகமும் உண்டு. ஆனால் அதன் முழு வடிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பேச வேண்டிய இடத்தில், பேசக்கூடிய நிலையில் இருந்தும் பேசாதவரே சம்மதித்தவராகக் கருதப்படுவார். நாம் எடுத்தாளும்போது நிபந்தனையை விட்டுவிடுகிறோம். கலியாணப் பேச்சில் பெரியோர் நடுவே ஒரு பெண் தலைகுனிந்து நிற்கிறாள். 'அவளுக்குச் சம்மதம்' என்று மற்றவர்கள் முடிவுசெய்துவிடுகிறார்கள். அவள் பேசக்கூடிய நிலையில் இருந்தாளா என்று எவரும் கேட்பதில்லை. நான் பாடம் நடத்திவிட்டு 'விளங்கியதா?' என்று கேட்பேன். வகுப்பு பேசாமல் இருக்கும். அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போதுதான் அது சம்மதம் அன்று, தயக்கம் என்று தெரியவரும். எனவே இத்தொடரைக் கட்டுரையில் கையாளும்போது, பேசாதவர் ஏன் பேசவில்லை என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அஞ்சியவரின் பேசாமைக்கு 'வாயடைத்துப் போதல்' என்ற வேறு தொடர் தமிழில் இருக்கிறது.

எழுத்துப் பிழை ஒன்றையும் கவனிக்கவும். 'மௌ' என்பது ஓர் எழுத்து. ஔகாரக் குறியின் பிற்பகுதியை ளகரம் போலப் பெரிதாக எழுதினால் 'மெளனம்' என நான்கெழுத்தாக வாசிக்க நேரும். தமிழ்நாட்டு இதழ்களில் 'மவுனம்' என்ற வடிவத்தையும் காண்பீர்கள். நீங்கள் பாடநூல் வடிவத்தையே எழுதுக.

பயிற்சி: மௌனம், நிசப்தம், அமைதி, சும்மா ஆகிய நான்கையும் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக. பின்னர் ஒவ்வொன்றிலும் மற்றைய மூன்றையும் மாற்றி வைத்துப் பார்க்க. மாற்றியும் பொருள் கெடாத வாக்கியம் இருப்பின், அதை அழித்து மீண்டும் எழுதுக.