தண்ணீர் கேளாத பூஞ்செடி

ஊரில் முற்றத்து மல்லிகைப் பந்தலையும் வேலியோரத்துச் செவ்வரத்தையையும் விட்டு வந்தவர்கள் நாம். அல்பெர்கேரியாவில் வீடு எடுத்தவர்களில் அநேகர் முதல் வருடமே பல்லாரோ சந்தையில் ஒரு பூச்சாடி வாங்கிப் பல்கனியில் வைத்திருப்பார்கள். அடுத்த ஆடி மாதத்தில் அது சுள்ளியாகிப் போயிருக்கும். ஆபிரிக்காவிலிருந்து வரும் சிறொக்கோ காற்று இரண்டு நாள் வீசினால் போதும், துளசிகூடக் கருகிவிடும்.

எமது மண்டபத்தின் பின்னால் நாலு பாய் விரிக்கக்கூடிய ஒரு வெளி இருப்பது அங்கத்தவர்களுக்குத் தெரியும். 1943 மே 9ஆம் திகதி நேசநாட்டு விமானங்கள் பலெர்மோ மீது குண்டு பொழிந்து பழைய நகரின் பெரும்பகுதியைச் சிதைத்தன. அல்பெர்கேரியாவில் இடிந்த வீடுகள் பல தசாப்தங்களாக அப்படியே கிடந்தன. அந்த இடிபாட்டை நிரவியே எமது வெளியும் உண்டானதென்று அயலவர்கள் சொல்கிறார்கள். கிண்டினால் மண் வராது, சுண்ணாம்பும் ஓட்டுத்துண்டும்தான் வரும். பூசைக்குப் பூ வேண்டுமென்று அதில் மல்லிகை வைத்தோம், செவ்வந்தி வைத்தோம், நந்தியாவட்டையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் நிலைக்கவில்லை. 2024 ஒக்டோபரில் வரட்சியினால் நகரின் பல பகுதிகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். குடிக்கவும் குளிக்கவும் வாளியில் பிடித்து வைத்த வீட்டுக்காரர் பூச்செடிக்கு எங்கே போவது? அத்தோடு அந்த முயற்சியைக் கைவிட்டோம்.

அந்த வெளியின் மதிற்சுவரில் ஒருவரும் வைக்காமல், ஒருவரும் வார்க்காமல், வருடந்தோறும் ஒரு செடி தழைத்துப் பூத்துக்கொண்டு நின்றதை நாம் கவனிக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரொசலியாவின் குகைக்கு மொன்தே பெல்லெக்ரினோ ஏறுகிறவர்களும் பாறைகளில் அதைக் கண்டிருப்பீர்கள். வட்டமான தடித்த இலை, வெள்ளை இதழ் நான்கு, நடுவே ஊதா நிறத்தில் நீண்ட கேசரங்கள். இத்தாலியர் இதைக் காப்பெரோ என்பர். வேலை செய்யும் வீடுகளில் கத்தரிக்காய்க் கப்போனாத்தாவிலே புளிப்பும் உப்புமாகப் பச்சை மணிகள் கிடக்குமே, அவை இந்தச் செடியின் விரியாத மொட்டுகள்.

எமக்கு இது அந்நியச் செடி அல்ல. ஊரில் ஆதொண்டை என்றும் காத்தோட்டி என்றும் சொல்லும் முட்கொடியும் இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆதொண்டங்காயை வற்றலிட்டுப் பொரித்துச் சோற்றோடு உண்ட கைகள்தாம் எமது ஆச்சிமாருடையவை. அந்தப் பூவையும் இந்தப் பூவையும் அருகருகே வைத்தால் அக்காள் தங்கை என்பது எவருக்கும் தெரியும்.

சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு முதியவர்தான் நாற்றுத் தந்து வழி சொன்னார். கல் நிறைந்த இடம் வேண்டும், நாள் முழுக்க வெயில் வேண்டும், பின்பு அதைச் சும்மா விட வேண்டும் என்றார். நான் கேட்டேனா? மூன்று நாற்றை நட்டு, மல்லிகைக்கு வார்க்கும் பழக்கத்தில் காலையும் மாலையும் வார்த்தேன். இரண்டு வேரழுகிச் செத்தன. மூன்றாவது, நான் காய்ச்சலில் படுத்து இரண்டு கிழமை போகாமல் விட்டதால் பிழைத்தது! இப்பொழுது அது நான்கு வயதுச் செடி. உயரம் முழங்காலளவு, அகலமோ ஒரு பாய்க்கு மேல். படர்ந்து தரையை மூடுவதால் களையும் குறைவு.

இதன் வேர் பல மீற்றர் ஆழத்துக்கு இறங்கி, கல்லின் கீழே தங்கிய ஈரத்தைத் தேடிக்கொள்ளும். பலெர்மோவில் மழை பெய்வது பெரும்பாலும் குளிர்காலத்தில். வைகாசி முடிந்தால் ஆவணி வரை வானம் ஏறக்குறைய வரண்டுவிடும். ஊரில் மாரிமழையில் தழைக்கும் செடிகளைப் பார்த்த கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும். குளிர்காலத்து ஈரத்தில் இது இலை உதிர்த்து உறங்கி, மற்றச் செடிகள் வாடும் கோடையில் பூக்கிறது. முதல் வருடம் மட்டும் கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர் போதும். பசளை வேண்டாம். குளிர்காலத்தில் கொப்புகளை அடிக்கட்டை வரை வெட்டிவிட வேண்டும். புதிதாக வரும் கொப்பிலேதான் பூ வரும் என்பதால் வெட்டுவதற்கு மனம் கூசக்கூடாது.

விதையில் முளைக்க வைப்பதற்குப் பொறுமை தேவை. பழம் வெடித்துச் சிவப்புத் தெரியும்போது விதை எடுத்து, இளஞ்சூட்டு நீரில் ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப்பெட்டியில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துப் பின்பு விதைக்க வேண்டும். அப்படிச் செய்தும் பாதி முளைத்தால் அதிர்ஷ்டம். மாசி, பங்குனியில் முற்றிய கொப்பை வெட்டி ஊன்றுவது இதைவிட வேகமாகப் பலன் தரும். வாங்கும்போது முள்ளில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். சிசிலியின் உட்பகுதிக் களிநிலங்களில் வளரும் வகைக்கு முள் உண்டு. பாறையிலும் சுவரிலும் வளர்வது பெரும்பாலும் முள்ளற்றது.

சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையிலுள்ள பந்தெல்லேரியா என்னும் எரிமலைத் தீவின் காப்பெரோவுக்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியற் பெயர்ப் பாதுகாப்பே கிடைத்தது. அங்கே வைகாசி தொடக்கம் ஆவணி வரை, எட்டுப் பத்து நாளுக்கு ஒரு தடவை, விடியற்காலையில் குனிந்தபடியே மொட்டுப் பறிக்கிறார்கள். முதுகு ஒடியும் வேலை. பச்சை மொட்டு கசக்கும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 400 கிராம் கடலுப்புப் போட்டுப் பத்து நாள் தினமும் கிளறி, நீரை வடித்துவிட்டு, மறுபடி குறைந்த உப்பில் இன்னும் பத்து நாள் வைப்பர். மோர்மிளகாய் போட்ட கைக்கு இது பழகிய வேலைதான்.

இங்கேதான் எமக்குள் ஒரு வழக்கு உண்டாயிற்று. மொட்டைப் பறித்தால் பூ இல்லை. பூவை விட்டால் சமையலுக்கு ஒன்றுமில்லை. பூவோ பின்னேரம் விரிந்து அடுத்த நாள் வெயிலேறியதும் வாடிவிடும், மாலையாகக் கட்டவும் ஏலாது. கோவிலுக்கென்று வைத்த செடியில் ஊறுகாய் போடுவதா என்று அக்காமார் சிலர் கேட்டார்கள். வழக்கத்தில் இல்லாத பூவைச் சுவாமிக்கு வைக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். இந்த நாட்டு மக்கள் பொமேலியா என்று சொல்லி, குளிருக்கு அதன் நுனிகளில் முட்டைக்கோது கவிழ்த்துப் பிள்ளைபோலக் காக்கும் மரம் எமது ஈழத்தலரிதான். அவர்கள் வெளியிலிருந்து வந்த பூவைத் தமதாக்கிக்கொண்டிருக்க, நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் மதிலோரப் பாதி பூவுக்கும் மண்டபப் பக்கப் பாதி மொட்டுக்கும் என்று பிரித்தோம். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குத் தட்டில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பூ புதிதாகச் சேருகிறது. பெரியவர் இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒழுங்கைகளுக்குள் வெயில் படாத பல்கனி உள்ளவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம், அங்கே இது பூக்காது. வாடகை வீட்டுச் சுவரிடுக்கில் ஒருபோதும் ஊன்றவும் வேண்டாம். வேர் பருத்துச் சாந்தைப் பிளக்கும், பழைய கட்டடத்தில் கல்லே கழன்று விழலாம். மதிலில் முன்பு தானாக நின்ற செடியையும் இந்தக் காரணத்தால்தான் மனமின்றி அகற்ற நேர்ந்தது. தரையில், சுவரிலிருந்து ஒன்றரை மீற்றராவது தள்ளி நடுங்கள்.

இம்முறை பத்துப் பதினைந்து பழம் முற்றவென்று விட்டிருக்கிறோம். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரிக்க வரும்போது ஒரு கடதாசி உறை கொண்டுவந்தால் விதை தரலாம்.